நாளைக்கு ஒன்று: முதியவரோடு இருக்கத் தொடங்குபவர்களுக்கு

பெரியம்மாவுக்கு அப்போது 84 வயது. இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்க ஆரம்பித்திருந்தார். ஒரு சாயங்காலம் மேலே கையைக் காட்டி, "எதுக்குடி இன்னும் என்னை வெச்சிருக்கான் அவன்?" என்று கேட்டார். "அப்படியெல்லாம் பேசாதீங்க பெரியம்மா, நூறு வயசு இருப்பீங்க" என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பேச்சு அத்தோடு நின்றது.

அந்தப் பதிலில் என்ன தப்பு என்று புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின. இன்னும் எத்தனை வருஷம் என்று அவர் கேட்கவே இல்லை. எதற்காக என்றுதான் கேட்டார். நான் வருஷக் கணக்கைச் சொல்லி வாயை அடைத்துவிட்டேன்.

பெற்றோரையோ, மாமனார் மாமியாரையோ, முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒருவரையோ பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குளிப்பாட்டுவது, மாத்திரையை வேளைக்குக் கொடுப்பது, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். "எதுக்கு?" என்று கேட்பவரின் பக்கத்தில் எப்படி உட்காருவது என்று பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை.

தொடங்குவதற்கு முன்னால் ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேச்சுத் தமிழில் நாம் பெரும்பாலும் "நம்பிக்கை" என்ற ஒரே சொல்லைத்தான் புழங்குகிறோம். கடவுள் மேல் வைப்பதும் நம்பிக்கை. நாளை நன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் நம்பிக்கை. "நம்பிக்கையோட இருங்க" என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்று நமக்கே தெரிவதில்லை. இரண்டும் வேறு. பெரியம்மாவிடம் முதலாவது ஏராளமாக இருந்தது, இரண்டாவது சுத்தமாகத் தீர்ந்துபோயிருந்தது. நேர்மாறாகவும் ஆட்கள் உண்டு. கோவில், பள்ளிவாசல், தேவாலயம் எதன் வாசலையும் மிதிக்காமல், நட்ட செடி எப்போது பூக்கும் என்று தினமும் காலையில் போய்ப் பார்ப்பவர்கள். இதில் எது குறைந்திருக்கிறது என்று தெரியாமல் எதைக் கொடுத்தாலும் போய்ச் சேராது.

முதல் படி: உடம்பைப் பார்த்துவிட்டு மனசுக்கு வாருங்கள்

ஆன்மிகம் பற்றிய கட்டுரையில் காது மிஷினைப் பற்றி எழுதுவது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரையில், "அவர் பிரார்த்தனையிலகூட மனசு வைக்கிறதில்ல" என்று வீட்டார் குறைப்படும்போது பாதி நேரம் காரணம் காதில் இருக்கும், கண்ணில் இருக்கும், அல்லது ஓயாத வலியில் இருக்கும். கேட்காத பாட்டில் எப்படி மனசு வைப்பது? கண்ணாடியின் பவர் பழசா, காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா, எந்த மாத்திரை மயக்கமாக வைத்திருக்கிறது என்பதையெல்லாம் முதலில் மருத்துவரிடம் கேட்டுச் சரிசெய்யுங்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் திடீரென்று குழம்பிப் பேசினால் அதை வயசின் மேல் போடாதீர்கள். நோய்த்தொற்றாலோ மருந்தாலோ அப்படி ஆகலாம்; அன்றைக்கே காட்ட வேண்டும்.

சாவை நெருங்கும் நோயாளிகளின் வலியைத் தணித்துப் பராமரிக்கும் இடத்தை ஹாஸ்பிஸ் என்பார்கள். நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தவர், வலியை உடம்பு, மனம், உறவு, ஆன்மா என்று நான்காகப் பார்த்து "முழு வலி" என்றார். மற்ற மூன்றும் இருக்கின்றன என்பதற்காக உடம்பு வலியை அவர் விட்டுவிடவில்லை. வலி வந்த பிறகு துரத்தாமல், வருவதற்கு முன்பே வேளை தவறாமல் மருந்து கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவர்தான். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அடுத்தது மனச்சோர்வு. வயதானால் எப்போதும் சோகமாகத்தான் இருப்பார்கள் என்பது தப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால், அது சிகிச்சை தேவைப்படும் நோயாக இருக்கலாம். முதியோர் மனச்சோர்வுக்கென்றே ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் மருத்துவர்களிடம் உண்டு. பத்து நிமிஷம்கூட ஆகாது. பிரார்த்தனையோ தியானமோ அதற்குத் துணையாக இருக்கலாம், மாற்றாக முடியாது.

இன்னொன்று. "என்னைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கட்டும்" என்று பெரியவர்கள் சொல்வது பல நேரம் அலுப்பு, சில நேரம் நிறைவு. ஆனால் சில நேரம் அது அபாயம். வித்தியாசம் தெரியாவிட்டால் நேராகக் கேளுங்கள்: "நீங்களே ஏதாவது செஞ்சுக்கணும்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றாலோ, பதில் மழுப்பலாக இருந்தாலோ, அவரைத் தனியாக விடாமல் உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.

இரண்டாம் படி: ஊகிக்காமல் கேளுங்கள்

நெற்றியில் இருப்பதையும் கழுத்தில் தொங்குவதையும் பார்த்து ஒருவருடைய உள்ளத்தைக் கணிக்க முடியாது. ஐம்பது வருஷமாகத் தவறாமல் தொழுதவர் இப்போது உள்ளுக்குள் வெறுமையாக இருக்கலாம். வாழ்நாள் முழுக்க நாத்திகம் பேசியவருக்கு வயதான காலத்தில் ஏதோ ஒரு பழைய பாட்டு வேண்டியிருக்கலாம். அல்லது வேண்டாமலே இருக்கலாம். அதுவும் சரிதான்.

அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி, நோயாளியின் ஆன்மிகத் தேவையைத் தெரிந்துகொள்ள நான்கு விஷயங்களைக் கேட்கச் சொல்கிறார். எதைப் பற்றிக்கொண்டிருக்கிறார், அது அவருக்கு எவ்வளவு முக்கியம், அதில் அவரோடு இருப்பவர்கள் யார், அதற்காக நாம் என்ன செய்ய வேண்டும். இதை விண்ணப்பப் படிவம் மாதிரி கேட்டால் பெரியவர் எரிச்சலாகிவிடுவார். நான் கேட்கும் விதம் இது:

"ரொம்பக் கஷ்டமான நேரத்துல உங்களைத் தாங்கிப் பிடிச்சது எது தாத்தா?"

இந்த ஒரு கேள்வி போதும், மற்றதெல்லாம் தானாக வரும். சிலர் கடவுள் என்பார்கள். ஒருவர் "என் தங்கச்சி" என்றார். இன்னொருவர், முப்பது வருஷம் மரவேலை செய்தவர், கொஞ்ச நேரம் யோசித்து "இழைப்புளி" என்றார். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனைவி இறந்த வருஷம் முழுக்கப் பட்டறையில் இழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தச் சத்தம்தான் தன்னைக் காப்பாற்றியது என்றார். அடுத்த முறை போகும்போது ஒரு சின்ன மரத்துண்டையும் உப்புத்தாளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அரை மணி நேரம் பேசாமல் தேய்த்துக்கொண்டிருந்தார். வேறு எதையும் அவர் அத்தனை பயபக்தியோடு செய்து நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் ஆன்மிகம் என்று சொல்லலாமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். உலக சுகாதார நிறுவனம் 18 நாடுகளில் 5,087 பேரை வைத்துச் சோதித்த கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. ஆன்மிகமும் வாழ்க்கைத் தரமும் எப்படி ஒட்டியிருக்கின்றன என்று பார்ப்பதற்கானது; 8 பிரிவு, 32 கேள்வி. மேலான ஒன்றோடு தொடர்பு, வாழ்வின் பொருள், வியப்பு, முழுமை, உள்வலிமை, மன அமைதி, எதிர்காலத்தின் மேல் நம்பிக்கை, பற்றுறுதி என்பவை அந்த எட்டு. நாம் பிரித்துப் பார்த்த இரண்டு நம்பிக்கையும் அதில் தனித்தனிப் பிரிவாக இருப்பதைக் கவனியுங்கள். வியப்பு என்று ஒரு பிரிவு இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. வானத்தைப் பார்க்கும்படி கட்டிலைத் திருப்பிப் போடுவதும் இந்தக் கணக்கில் வந்துவிடுகிறது.

கேட்டுவிட்டீர்கள் என்றால் பதிலை எழுதிவையுங்கள். முறை மாற்றிப் பார்த்துக்கொள்ளும் மற்றவருக்கும் தெரிய வேண்டும். உங்களுடைய நம்பிக்கையை அவர்மேல் ஏற்றாதீர்கள். படுக்கையில் இருப்பவரால் எழுந்து போக முடியாது. அவரிடம் மதப் பிரச்சாரம் செய்வது எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அநியாயம். நம்பாதவரை நம்ப வைப்பதும், நம்புகிறவரின் நம்பிக்கையைக் கிண்டல் செய்வதும் ஒரே குற்றம்தான்.

மூன்றாம் படி: வழக்கத்தை உடம்புக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தையுங்கள்

அவருக்கு ஒரு வழக்கம் இருந்து, உடம்பு முடியாமல் அது நின்றுபோயிருந்தால், மீட்டுக்கொடுப்பது பெரும்பாலும் சின்ன வேலைதான். தரையில் உட்கார முடியாதவருக்கு நாற்காலி. சின்ன எழுத்து தெரியாதவருக்குப் பெரிய எழுத்துப் புத்தகம் அல்லது ஒலிப்பதிவு. ஒரு மணி நேரம் முடியாதவருக்கு ஐந்து நிமிஷம். நேரில் போக முடியாத கூட்டு வழிபாட்டை ஃபோனில் காட்டலாம். ஆனால் திரையை முன்னால் வைத்துவிட்டு நீங்கள் எழுந்து போகாதீர்கள், பக்கத்தில் இருங்கள். எத்தனை நிமிஷம் என்பதைவிட தினமும் அதே நேரம் என்பதுதான் முக்கியம். காலையும் மாலையும் ஒன்றாகத் தெரியும் படுக்கை வாழ்க்கையில் அந்த ஒரு நேரம்தான் நாளுக்குத் தலையும் காலும் கொடுக்கிறது.

"முடியாட்டி விட்டுடுங்க" என்று நாம் அன்பாகத்தான் சொல்கிறோம். பலருக்கு அது "உனக்கு இனி இது கிடையாது" என்று கேட்கிறது. எந்த அளவு முடியும் என்று அவரையே தீர்மானிக்க விடுங்கள்.

விரதத்தில் மட்டும் கவனம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் பட்டினி இருந்தால் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்துவிடலாம். நோயாளிக்கும் தள்ளாதவருக்கும் பல மரபுகளில் விலக்கு உண்டு. அதை நீங்கள் சொல்வதைவிட அவர் மதிக்கும் பெரியவர் ஒருவர் வாயால் சொல்ல வைத்தால் ஏற்றுக்கொள்வார். மருத்துவரையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மறதி நோய் வந்தவர்களிடம் ஒரு அதிசயத்தைப் பார்க்கலாம். பெற்ற பிள்ளையின் பெயர் மறந்தவர், சின்ன வயதில் மனப்பாடம் செய்ததை நாம் முதல் வரி எடுத்துக்கொடுத்தால் கடைசிவரை பாடிவிடுவார். பழகிய பாட்டும் பிரார்த்தனையும் நினைவில் வெகுநாள் தங்கும். நடுவில் வரி மாறினால் திருத்தாதீர்கள். கூடவே பாடுங்கள், உங்கள் குரல் எப்படி இருந்தாலும்.

நான்காம் படி: நாளைக்கு ஒன்று

இனி அந்த இரண்டாவது நம்பிக்கை. சார்லஸ் ஸ்னைடர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களில் இதைப் பிரித்துக் காட்டினார். அவர் சொன்னபடி, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்ற நினைப்பு மட்டும் நம்பிக்கை ஆகாது. போய்ச் சேர ஒரு இடம் வேண்டும், அங்கே போக வழி தெரிய வேண்டும், என்னால் போக முடியும் என்ற தெம்பு வேண்டும். முதுமையில் மூன்றும் ஒரே சமயத்தில் அடிவாங்கும். பழைய இலக்குகள் முடிந்துபோயிருக்கும், பழகிய வழிகள் அடைபட்டிருக்கும், "நம்மால ஆகாது" என்ற எண்ணம் உட்கார்ந்திருக்கும். அந்த நிலையில் "தைரியமா இருங்க" என்பது மூன்றில் எதையும் தொடுவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ராத்திரி தூங்கப் போகும்போது அவருக்கு நாளைக்கென்று ஒன்று இருக்க வேண்டும், அது அவர் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். சின்னதாகப் போதும். ஜன்னல்வரை நடப்பது, ஒரு ஃபோன் அழைப்பு, ஒரு பக்கம் படிப்பது. "நாளைக்கு என்ன செய்யலாம்னு இருக்கீங்க?" என்று கேட்டு, அதற்கு இரண்டு வழியும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கால் வலித்தால் ஜன்னல்வரை சக்கர நாற்காலியில். ஒரு வழி அடைந்தால் இன்னொன்று உண்டு என்று தெரிவதே பாதித் தெம்பு.

தேர்ந்தெடுப்பது ஏன் அவராக இருக்க வேண்டும்? 1976இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இருவர் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம் உங்கள் அறை, உங்கள் நேரம் எல்லாம் உங்கள் பொறுப்பு என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு தளத்தில் ஊழியர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். அவர்களுக்கும் செடி உண்டு, ஆனால் தண்ணீர் ஊற்றுவது நர்ஸ். மூன்று வாரத்தில் முதல் தளத்தில் இருந்தவர்கள் கூடுதல் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் ஆகியிருந்தார்கள். சின்ன அளவிலான ஆய்வுதான், அதை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம். ஆனாலும் நாம் அன்பு மிகுதியில் எத்தனை செடிக்கு நாமே தண்ணீர் ஊற்றிவிடுகிறோம் என்று நான் யோசித்துப் பார்த்தது உண்டு.

இலக்கைச் சின்னதாக்குவது தோல்வி என்று அவர் நினைத்தால் ஆர்தர் ரூபின்ஸ்டைன் கதையைச் சொல்லுங்கள். 89 வயதுவரை மேடையில் வாசித்த பியானோ மேதை. எண்பது வயதில் எப்படி முடிகிறது என்று கேட்டதற்கு மூன்று தந்திரம் சொன்னாராம். வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டார். குறைத்தவற்றை அதிகம் பயிற்சி செய்தார். வேகமான இடம் வருவதற்குச் சற்று முன்னால் வேண்டுமென்றே மெதுவாக வாசித்தார், அடுத்து வருவது வேகமாகக் கேட்கும் என்பதற்காக. முதுமையை ஆராய்ந்த பால் பால்டஸ் இந்த உதாரணத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

நோய் முற்றும்போது எதிர்பார்ப்பின் உருவம் மாறும். குணமாக வேண்டும் என்பது, வலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆகும். அப்புறம், பேத்தி வரும்வரை இருக்க வேண்டும். அப்புறம், யாருக்கும் பாரமில்லாமல் தூக்கத்திலேயே போக வேண்டும். இதில் எதையும் பார்த்து "நம்பிக்கை இழந்துட்டார்" என்று சொல்லாதீர்கள். நடக்காததை நடக்கும் என்று பொய்யும் சொல்லாதீர்கள். கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

ஐந்தாம் படி: வாங்கிக்கொள்பவராகவே வைத்திருக்காதீர்கள்

பெரியம்மா கதைக்குத் திரும்புகிறேன். சில மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டார். இந்த முறை, "எதுக்குன்னு நீங்க நினைக்கிறீங்க பெரியம்மா?" என்று திருப்பிக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "யாருக்கும் ஒண்ணும் செய்ய முடியலையேடி" என்றார்.

அவர் குறை கடவுளிடம் இல்லை. வாழ்நாள் முழுக்கக் கொடுத்த கை, இப்போது வாங்க மட்டும் நீட்ட வேண்டியிருந்தது. மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டுபோனேன். "நீங்க தினமும் ஜபம் பண்றீங்க இல்ல, யாருக்காகப் பண்ணணும்னு எழுதிக்கலாமா?" என்றேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிசியோதெரபி செய்ய வரும் பெண்ணின் பரீட்சை. எதிர் வீட்டுப் பையனின் ஆபரேஷன். வேலை போன மருமகன். முதல் நாள் ஆறு பெயர்.

வேண்டுதல் பலித்ததா என்று எனக்குத் தெரியாது, அது என் துறையும் இல்லை. நான் பார்த்தது வேறு. அந்தப் பெண் வந்ததும், "பரீட்சை எப்படிம்மா எழுதின?" என்று கேட்டார். "ரிசல்ட் என்னிக்கு?" என்றார். மூன்று வாரம் ஆகும் என்றாள். நோட்டில் அந்தத் தேதியைப் பெரிசாக எழுதச் சொன்னார். எதற்கு இன்னும் வைத்திருக்கிறான் என்று கேட்டவர், மூன்று வாரம் தள்ளி வரும் ஒரு தேதிக்காகக் காத்திருந்தார். நாளாக ஆக வீட்டுக்கு வருபவர்கள் அவர்களாகவே பெயர் சேர்க்கச் சொல்ல ஆரம்பித்தார்கள். பால் போடுபவர்கூட.

எல்லாருக்கும் ஜபம் சரிப்படாது. கணக்கு வாத்தியாராக இருந்தவரிடம் ஒரு குழந்தையைக் கணக்கோடு அனுப்புங்கள். தையல் தெரிந்தவரிடம் பிரிந்த பொத்தானைக் கொடுங்கள். ஒரு நிபந்தனை: வேலை நிஜமாக இருக்க வேண்டும். மடித்த துணியைக் கலைத்துவிட்டு மறுபடி மடிக்கக் கொடுப்பதை மறதி நோயாளிகூடப் புரிந்துகொள்வார்.

ஆறாம் படி: கதையைக் கேளுங்கள்

சொன்னதையே சொல்கிறார் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963இலேயே எழுதினார், பழசை அசைபோடுவது மூளை மழுங்கியதன் அடையாளம் இல்லை, வாழ்க்கையைக் கணக்குப் பார்க்கும் இயல்பான வேலை என்று. கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் இதை ஒரு முறையாகவே ஆக்கினார். சாவை நெருங்கியவரிடம் சில கேள்விகள் கேட்டு, பதிலைப் பதிவுசெய்து, எழுதி, ஒழுங்குபடுத்தி, அவருக்கே படித்துக் காட்டி, அவர் யாருக்குச் சொல்கிறாரோ அவரிடம் கொடுப்பது. 2005இல் வெளியான அவருடைய முதல் ஆய்வில் 100 பேரில் 91 பேர் திருப்தி என்றார்கள். பிறகு நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வில் மனவேதனையின் அளவு மற்றச் சிகிச்சைகளைவிட அதிகம் குறைந்ததாகத் தெரியவில்லை, ஆனால் தங்களுக்கு உதவியது என்றும் குடும்பத்துக்கு உதவும் என்றும் அதில் பங்கெடுத்தவர்கள் சொன்னார்கள். அற்புத மருந்து இல்லை, நல்ல காரியம்.

வீட்டில் செய்ய ஃபோன் போதும். அனுமதி கேட்டுவிட்டுப் பதிவைப் போடுங்கள். அரை மணிக்கு மேல் வேண்டாம். ஒரு பழைய புகைப்படத்தைக் கையில் கொடுத்துத் தொடங்குவது எளிது. "எப்போ நீங்க ரொம்ப உயிர்ப்போட இருந்தீங்க?", "எதைப் பத்திப் பெருமையா இருக்கு?", "பிள்ளைங்களுக்கு என்ன தெரியணும்?" போன்ற கேள்விகள் நடக்கும். மூடிவைத்த பெட்டி எதையாவது தொட்டுவிட்டால், அவரே திறந்தால் கேளுங்கள். நீங்கள் பூட்டை உடைக்காதீர்கள். வருஷம் தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம்.

ஏழாம் படி: "என்னைத் தண்டிக்கிறான்" என்றால்

ஆன்மிகம் எப்போதும் ஆறுதல் என்று நினைத்துவிட வேண்டாம். சிலரை அது உள்ளிருந்து அரிக்கும். எப்போதோ செய்த பாவத்துக்கு இது தண்டனை, கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று ராத்திரியில் விழித்திருப்பார்கள். அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமெண்டும் உடன் ஆய்வாளர்களும் 55 வயதுக்கு மேற்பட்ட 596 மருத்துவமனை நோயாளிகளை இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்து 2001இல் எழுதினார்கள். உடல்நிலை முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும், இப்படித் தெய்வத்தோடு போராடிக்கொண்டிருந்தவர்களிடம் இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. எனவே இதைக் காதில் வாங்காமல் விடக்கூடாது.

வாதாடாதீர்கள். "கடவுள் அப்படிப்பட்டவர் இல்ல" என்று சொன்னால், பேச்சு கடவுளைப் பற்றி ஆகிவிடும். அவருடைய வேதனை அங்கேயே நிற்கும். "எதை நினைச்சு அப்படித் தோணுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பெரும்பாலும் அடியில் ஒரு ஆள் இருப்பார். பேசாமல் விட்ட தம்பி, அடித்து வளர்த்த மகன், கடைசிக் காலத்தில் போய்ப் பார்க்காத அம்மா. உயிரோடு இருப்பவர் என்றால், அவருக்கு விருப்பமிருந்தால் மட்டும், ஃபோன் போட்டுக்கொடுங்கள். இறந்தவர் என்றால் ஒரு கடிதம் எழுதலாம். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். மன்னித்துவிடச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டாம், அடிபட்டவரிடம் அது இன்னொரு அடி. இது உங்கள் கைக்கு மீறினால் அவருடைய மரபில் அவர் மதிக்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள். வருபவர் உபதேசம் செய்பவரா, கேட்பவரா என்று முன்னாலேயே விசாரித்துவிடுங்கள்.

எட்டாம் படி: சாவைப் பற்றிப் பேச விடுங்கள்

பெரியவர்கள் பலருக்குச் சாவைப் பற்றிப் பேசுவதில் நம்மளவு பயம் இல்லை. பேச்சை எடுத்தால் மாற்றாதீர்கள். எங்கே இருக்க விருப்பம், எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன்னால் சொல்ல முடியாமல் போனால் யார் சொல்ல வேண்டும், கடைசியில் பக்கத்தில் யார், என்ன பாட்டு. கேட்டு எழுதி, மருத்துவரிடமும் குடும்பத்திடமும் சொல்லிவையுங்கள். சட்டப்படி செல்லுபடியாக என்ன தாள் வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். அங்கே தெரிந்தவரைக் கேளுங்கள்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை: வாரத்தில் அரை நாளாவது வேறு ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு வெளியே போங்கள். குற்றவுணர்ச்சி வரும். வரட்டும், போய்விட்டு வாருங்கள்.

முதல் வாரம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு நாள் காது, கண், வலி, தூக்கம், மாத்திரை மட்டும். மூன்றாம் நாள் அந்த ஒரு கேள்வி, தாங்கிப் பிடித்தது எது என்று. பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் அவரே சொல்வார். நான்காம் நாள் அவர் சொன்னதில் ஒன்றைக் கைக்கு எட்டும் தூரத்தில் கொண்டுவந்து வையுங்கள். ஐந்தாம் நாள் ராத்திரி, நாளைக்கு என்ன என்று கேளுங்கள். ஆறாம் நாள் அவரிடம் உதவி ஒன்று கேளுங்கள், நிஜமாகத் தேவைப்படும் உதவி.

ஏழாம் நாள் ஒன்றும் செய்ய வேண்டாம். ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். கிளம்பும்போது மட்டும், மறுபடி எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொன்னால் அந்த நேரத்துக்கு வந்துவிட வேண்டும்; அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.